லொறியில் போன போத்தல்

கடல் ஐயாயிரம் அடி மலையேறி வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் படுத்திருந்த ஒரு கொழுந்துக்காரப் பெண்ணைக் கொல்லப் போகிறது என்று நான் நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து கிட்டத்தட்ட பதினொன்றரை மணி வரை நம்பினேன். தோட்ட டிஸ்பென்சராக முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் அந்த மூன்றரை மணி நேரத்தை மட்டும் யாராவது கத்தரித்து எடுத்துவிட்டால், மிச்சத்தை எந்தச் சபையிலும் தைரியமாக விரித்துக் காட்டுவேன். யாரும் எடுக்க முன்வரவில்லை. ஆகையால் அதையே உங்களுக்கு எழுதுகிறேன்.

டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, மருந்து கலக்குவதையும் புண் கட்டுவதையும் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதெல்லாம் பயிற்சியில் படித்திருப்பீர்கள். மறந்துபோனால் அலுமாரியில் புத்தகம் இருக்கிறது. புத்தகம் என்ற சொல்லை எழுதவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம் போகப்போகத் தெரியும். அனுபவமில்லாத பையன் செய்த பிழை என்று தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. அப்போதே பதினெட்டு வருஷ சர்வீஸ். தலையில் பாதி நரை. லயத்துச் சனங்கள் என்னைக் கண்டால் தலைத்துண்டை இறக்கி, "டாக்டரையா வர்றாரு" என்று வழிவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒரு நாளும் திருத்தியது கிடையாது.

எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து எட்டு மைல் மேலே இருந்தது. ஆடி மாதத்தில் சனங்கள் ஒரு லொறி பிடித்துக்கொண்டு சிலாபத்துக்கு அப்பாலுள்ள ஒரு கடலோரக் கோயிலுக்குப் போய் வருவார்கள். அந்த வருஷம் மாரிமுத்துவும் போனான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். முப்பது வயதிருக்கும். எங்கே போனாலும் அந்த இடத்தில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கண்டிக்குப் போனால் யானைவால் மயிர், கதிர்காமத்துக்குப் போனால் ஆற்றுக் கல். கடலுக்குப் போனவன் கடலையே ஒரு ஜாம் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

போத்தலில் உப்புத் தண்ணீர். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் மூன்று சாமான்கள். கண்ணாடி மாதிரி, நுங்கு மாதிரி. கண்ணும் இல்லை, வாயும் இல்லை, வாலும் இல்லை. அலை கொண்டுவந்து போட்டதில் கரை முழுக்க அதுதான் கிடந்ததாம். லயத்தில் மூன்று நாள் அதே பேச்சு. முத்து இறுகுவதற்கு முன் இப்படித்தான் இருக்கும் என்றார் கங்காணி. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டு, இது கடற்பாசி, சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் நன்றாக இருக்கும் என்றார். மாரிமுத்துவின் பெண்சாதி ராக்கம்மாதான் எல்லோரையும் அடக்கினாள்.

"கடலுக்குச் சளி புடிச்சிருக்குங்க. சாமி கும்புடப் போன எடத்துல எங்க வீட்டுக்காரரு அதை வழிச்சுப் போத்தல்ல போட்டுக் கொண்டாந்திருக்காரு" என்றாள்.

ராக்கம்மாவைப் பற்றி வேறு அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழுந்தெடுப்பதில் கை வேகம், பேச்சில் அதைவிட வேகம். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை.

ஞாயிறு காலையில் மாரிமுத்து டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தான். ராக்கம்மாவுக்கு முதல் நாள் பகலிலிருந்து வயிற்று வலியாம், இரண்டு தரம் வாந்தியாம். தோட்டத்து மருத்துவச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவச்சி என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், அதிகம் பேசமாட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்.

காம்பராவுக்குள் ராக்கம்மா வலது காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். மருத்துவச்சி நேரே வயிற்றுக்குப் போனாள். நான் கைக்குப் போனேன். வலது முழங்கைக்குக் கீழே சிவந்த தடிப்புகள், சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாக.

"கையில என்னம்மா?"

"கம்பளிப்பூச்சி பட்டுச்சுங்க, ஏழாம் நம்பர் மலையில. கை கெடக்கட்டுங்க. வயித்தப் பாருங்க ஐயா."

அந்த வாரம் முழுக்க ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் இதே தடிப்போடு என்னிடம் வந்து களிம்பு வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பிமாரே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தினமும் பத்துக் கையில் பார்த்த தடிப்பு அது. பதினோராவது கையில் எனக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் அவள் தலைமாட்டுப் பலகையில் அந்தப் போத்தல் இருந்தது. மூன்று நாளில் தண்ணீர் கலங்கி, நாற்றம் எடுத்து, உள்ளே இருந்ததில் ஒன்று கரைந்து நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் போத்தலைத் தொட்டியா?"

"அத யாருங்க தொடுவா. பாத்தாலே கொமட்டுது."

குமட்டல் உண்டு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மருத்துவச்சி வலது பக்க அடிவயிற்றை மெதுவாக அமுக்கிக் கையை எடுத்தாள். எடுத்த நேரத்தில் ராக்கம்மா துடித்துப்போனாள். வலி முதலில் தொப்புளைச் சுற்றி இருந்து பிறகு இந்தப் பக்கம் இறங்கியதாம். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம் ஐயா" என்றாள் மருத்துவச்சி. அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லாத சொல் அது. எனக்குத்தான் தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சின்னக் கதை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கங்காணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மாரடைப்பு என்று நான் ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதி, தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே அவர் ஒரு பெரிய ஏப்பம் விட்டார். வியாதி போய்விட்டது. முதல் நாள் இரவு பாதிப் பலாப்பழத்தைத் தனியாகத் தின்ற விஷயத்தைப் பிறகுதான் சொன்னார். பெரிய தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கிளாக்கர்மார் எல்லோரும் கேட்க, இனிமேல் லொறி கேட்பதற்கு முன்னால் வியாதியின் பெயரைச் சொல் என்றார். கிளாக்கர்மார் குனிந்துகொண்டு சிரித்தார்கள். தோட்டத்தில் தமாஷ் பண்ணுகிறவன் நான். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவன் நான். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது எனக்குச் செரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த நோயாளியைப் பார்த்தாலும் நான் தேடியது பெயரைத்தான்.

ராக்கம்மாவின் வயிற்றில் பெயர் எழுதியிருக்கவில்லை. போத்தலில் இருப்பதற்குப் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது.

ஒரு சின்ன தொரை சீமைக்குத் திரும்பிப் போனபோது விட்டுப்போன சாமான்களில் எனக்குக் கிடைத்தது அது. கடற்கரையில் ஒதுங்கும் உயிர்களைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். கலர்ப் படங்களுக்காக எடுத்து வைத்திருந்தேன். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பிறந்தது இறம்பொடைப் பக்கம், படித்தது கண்டியில், வேலை இங்கே. ஆனால் புத்தகம் கையில் இருக்கும்போது கடல் எதற்கு? ஓடிப்போய் எடுத்துவந்தேன். காம்பரா வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போத்தலிலிருந்து ஒன்றைச் சவணத்தால் எடுத்து எனாமல் தட்டில் போட்டேன். சுற்றி லயமே நின்றது.

வெப்பமான கடல்களில் இருக்கும் ஒரு வகை ஜெல்லிமீனுக்கு நாலு மூலை உண்டு, அது பட்டால் ஆள் பிழைப்பது அரிது என்று புத்தகத்தில் இருந்தது. தோலில் சாட்டையடி போலத் தடிப்பு. வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி. வாந்தி. எல்லாம் சரி. மூலைதான் பாக்கி. எண்ணினேன். அழுகிப்போன கொழகொழப்பில் மூலை ஏது? முதல் தரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தரம் ஐந்து வந்தது. மூன்றாம் தரம் உள்ளே மங்கலாக நாலு வளையம் தெரிந்தது. அந்த நாலு எனக்குப் போதுமாக இருந்தது. வளையத்தை மூலையாக்கிக்கொண்டேன். தேவைப்பட்டால் நான் அதை நாலு காலாகவும் ஆக்கியிருப்பேன்.

எழுந்து நின்றேன். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷம். பெயர் கிடைத்துவிட்டது.

"இந்தப் போத்தல்தான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். "கடல் விஷம். இதுல பட்டுத்தான் இவளுக்கு இந்த வலி."

கூட்டம் பின்னால் நகர்ந்தது. மாரிமுத்து மட்டும் நகரவில்லை. அவன் போத்தலைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வேலை, விஷத்தை இறக்குவது. ஒரு பெரிய அவுன்ஸ் கிளாஸ் நிறைய விளக்கெண்ணெய் ஊற்றினேன். வலிக்கிற வயிற்றுக்குப் பேதி மருந்தா என்று மருத்துவச்சி மெதுவாகக் கேட்டாள். பிள்ளைப்பேற்றைப் பார்ப்பது உன் வேலை, விஷம் என் வேலை என்று சொன்னேன். ராக்கம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டு, "இதுவும் அதே கடல்ல எடுத்ததுங்களா ஐயா?" என்று கேட்டாள். அந்த வலியிலும் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அங்கிருந்து பங்களாவுக்கு ஓடினேன். பெரிய தொரை வராந்தாவில் நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லித் தட்டில் இருந்ததைக் காட்டினேன். அவருக்கு இந்த மாதிரிச் சாமான்களில் ஆசை அதிகம். குனிந்து பார்த்தார், பென்சிலால் குத்தினார், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். நிச்சயம் பண்ண வேண்டுமென்றால் கடல் தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும் என்றேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றார். வட்டகொடைக் கடைவீதியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முதலாளி கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று சொன்னேன். லொறியை எடுத்துக்கொண்டு போ என்றார் தொரை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போவதுதானே என்று கேட்டார்.

தொரை லொறி தரமாட்டேன் என்றார், அதனால் இப்படி ஆயிற்று என்று இந்தக் கதையைத் திருப்ப எனக்கு எவ்வளவோ ஆசை. கேட்கிறவர்களும் நம்புவார்கள்; தொரைமார் அப்படிச் செய்த கதைகள் மலையில் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் இந்தத் தொரை கேட்டார். நான்தான் சொன்னேன், அவளை அசைக்கக்கூடாது, அசைத்தால் விஷம் ஏறும், புத்தகத்தில் இருக்கிறது என்று. புத்தகம் என்றதும் அவரும் தலையை ஆட்டினார்.

போத்தலை வேறு யாரிடமாவது கொடுத்தும் அனுப்பியிருக்கலாம். நானே போனேன். என்னைத் தவிர வேறு யாராலும் விளக்கிச் சொல்ல முடியாது என்று மருத்துவச்சியிடம் சொன்னேன். நிஜம் என்னவென்றால், அந்தக் காம்பராவில் என்னால் இருக்க முடியவில்லை. அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் பயம் தெரியாது. ஓடுவதும் ஒரு வேலைதான்.

லொறியின் முன்சீட்டில் போத்தலை மடியில் வைத்து, துவாயால் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மழை. ரோட்டெல்லாம் சேறு. ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று டிரைவரைக் கெஞ்சினேன், உள்ளே இருப்பது குலுங்கிக் கரைந்துவிடக்கூடாதே என்று. டிரைவர் சிங்கள ஆள், எங்கள் தமிழை அரையும் குறையுமாகப் பேசுவார். துவாயை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "மாத்தயா, அது புள்ளையா?" என்று கேட்டார். இல்லை, விஷம் என்றேன். அதன் பிறகு அவர் இன்னும் மெதுவாக ஓட்டினார். எட்டு மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கருவாட்டுக் கடை முதலாளி தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் போத்தலை மேசையில் வைத்து, எட்டி நில்லுங்கள் என்று எச்சரித்தேன். அவர் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவருக்கு ஒன்றும் நிற்கவில்லை.

"இது சொறிமீன் தானே ஐயா" என்றார். "காத்துக் காலத்துல கர நெடுக ஒதுங்கும். நாங்க சின்னப் புள்ளையில இதெடுத்து ஆளுக்காள் எறிஞ்சு வெளாடுவோம். இந்தா பாருங்க, உள்ளுக்கு நாலு வளையம். இந்தச் சாதி சொறி பட்டா லேசாக் கடிக்கும், அவ்வளவுதான். நீலமா நூல் தொங்குற ஒண்டு இரிக்கி, அதுதான் பொல்லாதது. அதுவும் அர நாள் எரியும். எங்கட ஊர்ல அதுபட்டு மௌத்தான ஆளையே நான் காணல்ல."

புத்தகத்தில் நாலு மூலை என்று இருக்கிறதே என்றேன். அவர் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது. படத்தையும் கையில் இருந்ததையும் பார்த்துவிட்டு, இது வேறு, அது வேறு என்றார். பிறகு வயிற்று வலி எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. அவருடைய தம்பிக்கும் இப்படித்தான் வலது பக்கம் வந்ததாம், குடல்வாலை வெட்டி எடுத்தார்களாம்.

"நோயாளி லொறியிலயா இரிக்கி?"

"இல்ல. தோட்டத்துல."

அவர் போத்தலைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப போத்தலையா கொண்டாந்தீங்க?"

தம்பிமாரே, முப்பது வருஷத்தில் என்னைத் திட்டாதவர் இல்லை. தொரைமார் திட்டினார்கள், ஆஸ்பத்திரியில் திட்டினார்கள், ஒரு தடவை பல் பிடுங்கினபோது பூசாரி கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்தக் கருவாட்டு முதலாளி திட்டவேயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் லொறிக்கு ஓடினேன்.

திரும்பும்போது வேகமாகப் போ, வேகமாகப் போ என்று டிரைவரைக் கெஞ்சினேன். ஐந்தாம் மைல் வளைவில் லொறி சடக்கென்று நின்றது. எதிரே, இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் மழையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாரிமுத்து. பக்கத்தில் மருத்துவச்சி, குடையைக் கம்பளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து. நான் போன பத்தாவது நிமிஷமே அவள் ஆட்களைத் திரட்டியிருக்கிறாள். துண்டும் கேட்கவில்லை, தொரையையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் செய்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கம்பளிக்குள் ராக்கம்மா அமைதியாகப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, முனகலே இல்லை.

"இப்ப வலி கொறஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள் என்னிடம். "கொஞ்ச முன்ன படக்குன்னு விட்டுருச்சு. சும்மா எல்லாரையும் நனைய வச்சுட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, விளக்கெண்ணெய் வேலை செய்திருக்கிறது என்று வாயைத் திறந்தேன். மருத்துவச்சி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு வலி திடீரென்று விடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். வெடித்த குடல்வால் அப்படித்தான் அமைதியாகும், பேதி மருந்து அதை வெடிக்கவைக்கும் என்று படித்திருக்கிறேன். கடல் புத்தகத்தில் இல்லை, என் வேலைக்கான புத்தகத்தில். அந்தப் பக்கத்தை நான் காலையில் புரட்டவேயில்லை.

அவளை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அங்கிருந்த டாக்டர் கையை வைத்துப் பார்த்ததும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: யார் பேதிக்குக் கொடுத்தது? நான்தான் சேர் என்றேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. அதற்காக என்னை மெச்ச வேண்டாம், நாற்றமே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் கையைக் கழுவப் போனார்.

மூன்றாம் நாள் ராக்கம்மா செத்துப்போனாள்.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது. இதுவரை எழுதியது அறியாமையும் பயமும். மனுஷனுக்கு வரக்கூடியதுதான் என்று நீங்கள் பெரிய மனது பண்ணி விட்டுவிடலாம். இனி வருவதை விட முடியாது.

டாக்டருக்குத் தமிழ் வராது. மாரிமுத்துவுக்கு இங்கிலீஷும் வராது, சிங்களமும் கொஞ்சம்தான். நடுவில் நின்று பேச்சு மாற்றிச் சொன்னவன் நான். குடல்வால் அழுகி வெடித்துவிட்டது, முதல் நாளே கொண்டுவந்திருந்தால், அன்று காலையிலாவது கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இதைப் புருஷனுக்குச் சொல் என்றார் டாக்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். நான் மாரிமுத்துவின் பக்கம் திரும்பினேன்.

"முடிஞ்ச மட்டும் பாத்தாங்களாம். முடியலையாம்" என்றேன்.

டாக்டர் நீளமாகச் சொன்னதை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது மாரிமுத்துவுக்கு வித்தியாசமாகப் படவில்லை. அவன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

"நான் கொண்டாந்த போத்தல்தானுங்களே ஐயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீங்க என்று வரும். அதற்கடுத்தது, லொறி எங்கே போயிருந்தது என்று வரும். நான் அவன் தோளில் கையை வைத்தேன். அழாதே, விதி என்றேன். அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் என் மதிப்பு ஏறியது. கடல் விஷத்தை டாக்டரையா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஒன்றும் பண்ண முடியவில்லை என்று லயம் லயமாகக் கதை பரவியது. அக்கரப்பத்தனையில் இருந்துகூட ஆட்கள் வந்து கேட்டார்கள். மாரிமுத்து அந்தக் கோயிலுக்கு அதற்குப் பிறகு போகவில்லை. எங்கே போனாலும் வெறுங்கையோடு திரும்பி வந்தான். கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறு சாமானைத் தொடவே பயப்படுகிறான் என்று கங்காணி சொன்னார். பிள்ளையைத் தொடக்கூட யோசிப்பானாம்.

மருத்துவச்சி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் மட்டும் ஒரு தடவை, "மாரிமுத்துகிட்ட சொல்லிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள். சந்தர்ப்பம் பார்க்கிறேன் என்றேன். அடுத்த வருஷம் அவள் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனாள். போகும்போது மறுபடியும் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இந்த வேலையில் உங்களுக்கும் பயம் வரும். வராதவனை நம்பாதீர்கள். பயம் வந்தால் முதலில் ஆளை லொறியில் ஏற்றுங்கள். பெயரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளட்டும். ஏப்பம் விட்டுத் திரும்பி வந்தால் வரட்டும், கிளாக்கர்மார் சிரித்தால் சிரிக்கட்டும். கம்பளிப்பூச்சி என்று நோயாளி சொன்னால் கம்பளிப்பூச்சி என்று ஒரு நிமிஷமாவது நம்பிப் பாருங்கள். இவ்வளவும் யாரும் சொல்லித் தரலாம். செய்த பிழையை உரிய ஆளிடம் அன்றைக்கே எப்படிச் சொல்வது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

ஒன்பது வருஷம் கழித்து மாரிமுத்துவுக்கு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்தது. வட்டகொடை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். மாரிமுத்துவும் பன்னிரண்டு வயது மகளும் இரண்டு தகரப் பெட்டிகளோடு நின்றார்கள். மகளுக்கு ராக்கம்மாவின் முகம். அப்பா கொண்டுவந்த போத்தலால் அம்மா செத்தாள் என்று கேட்டு வளர்ந்தவள். அப்பாவிடமிருந்து ஒரு அடி தள்ளியே நின்றாள்.

ரயில் வர அரைமணி நேரம் இருந்தது. என்னென்னவோ பேசினோம். மழையைப் பற்றிப் பேசினோம், போகிற ஊரைப் பற்றிப் பேசினோம். நான் இரண்டு தமாஷ் சொன்னேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான். பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறுவதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கடலப் பாக்கணுமேன்னுதான் ஐயா கஷ்டமா இருக்கு" என்றான். "ஏறினதும் கண்ண மூடிக்கிட்டே போயிறணும்."

ரயில் வந்தது. பெட்டிகளை நான் தூக்கிக் கொடுத்தேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

நடந்தது இதுதான். ராக்கம்மா குடல்வால் வெடித்துச் செத்தாள். அவள் கையில் இருந்தது கம்பளிப்பூச்சி பட்ட தடிப்பு. அந்தப் போத்தலை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. மாரிமுத்துவிடம் இதை நான் சொல்லவில்லை.